எக்ஸ்எஃப்சிஇ-யை விடாமல் ஐ3-க்கு மாறுவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் ஸுபுண்டு (எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு வரும் லினக்ஸ்) ஓடுகிறது. விண்டோக்களை மவுஸால் இழுத்து இழுத்து அடுக்கிச் சலித்துவிட்டீர்கள். விண்டோக்களைத் தானாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும், ஐ3 மாதிரி ஒரு டைலிங் விண்டோ மேனேஜர் வேண்டும். ஆனால் வைஃபை ஐகான், வால்யூம், பேட்டரி அளவு, பென் டிரைவ் செருகினால் தானாகத் திறப்பது இதெல்லாம் போய்விடக் கூடாது. 'ஒன்று டெஸ்க்டாப், இல்லாவிட்டால் டைலிங், இரண்டும் சேராது' என்று நண்பர் சொல்லியிருக்கிறார். அதே லேப்டாப்பை அக்காவும் பயன்படுத்துகிறார். அவருக்கு எதுவும் மாறக் கூடாது.

சேரும். ஆறு வருடமாக நானே அப்படித்தான் வைத்திருக்கிறேன். நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அது எந்தப் பாதி என்று தெரிந்துவிட்டால் மீதி வேலை ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும்.

எக்ஸ்எஃப்சிஇ-யை ஒரே பெரிய மென்பொருள் என்று நினைப்பதால்தான் குழப்பம். மேலே தெரியும் பேனல் தனி நிரல். வால்பேப்பரையும் அதன்மேல் ஐகான்களையும் காட்டுவது எக்ஸ்எஃப்டெஸ்க்டாப் என்ற இன்னொரு நிரல். தீம், எழுத்துரு, கீபோர்டு, மானிட்டர் அமைப்புகளைக் கவனித்துக்கொள்வது, திரையில் முகமே காட்டாத எக்ஸ்எஃப்செட்டிங்ஸ்டி. கோப்புகளுக்குத் துனார், பேட்டரிக்குப் பவர் மேனேஜர். லாகின் ஆனதும் இவர்கள் எல்லோரையும் எழுப்பிவிடுவது எக்ஸ்எஃப்சிஇ செஷன். விண்டோவுக்குத் தலைப்புப் பட்டை போட்டு, அது எங்கே, எவ்வளவு பெரிதாக நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4. விண்டோ மேனேஜர் என்பது இந்தக் கடைசி ஆள் மட்டும்தான். ஐ3-யும் அதே வேலைக்கு வந்திருக்கும் ஆள்.

நண்பர் சொன்னதில் சரியான பாதி என்னவென்றால், அந்த நாற்காலி ஒன்றுதான். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் அடிப்படை அமைப்பான எக்ஸ்11-இல் எந்த நிரலும் புது விண்டோ திறக்கக் கேட்கும்போது, அந்தக் கோரிக்கையைத் தன் பக்கம் திருப்பிவிடச் சொல்லி ஒரே ஒரு நிரல்தான் பதிவு செய்துகொள்ள முடியும். சப்ஸ்ட்ரக்சர் ரீடைரெக்ட் என்று அதற்குப் பெயர். இரண்டாவதாக யாராவது வந்து கேட்டால், எக்ஸ்11-ஐ நடத்தும் எக்ஸ் சர்வர் 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். அதனால் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-உம் ஐ3-யும் ஒரே நேரத்தில் ஓடாது. ஆனால் பேனலுக்கோ பவர் மேனேஜருக்கோ நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றிக் கவலையில்லை. விண்டோ மேனேஜரோடு பேசுவதற்கு ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு வகுத்த பொது விதிகள் இருக்கின்றன. 'நான் பேனல், மேல் விளிம்பில் 28 பிக்சல் எனக்கு விட்டுவிடு' என்று பேனல் அறிவிக்கும்; அந்த விதியை மதிக்கும் எந்த விண்டோ மேனேஜரும் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற விண்டோக்களை வைக்கும். ஐ3 மதிக்கிறது.

அப்படியானால் ஐ3-யைத் தனியாகவே ஓட்டினால் என்ன? ஓட்டலாம், நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். நானும் எட்டு மாதம் ஓட்டினேன். முதல் வாரம் பெருமையாக இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது: நிர்வாகி கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரவில்லை, ஏனென்றால் அதற்கென்று ஒரு நிரல் ஓட வேண்டும். பென் டிரைவ் மவுண்ட் ஆகவில்லை, அதற்கும் ஒரு நிரல். அறிவிப்புகளுக்கு ஒன்று, திரைப் பூட்டுக்கு ஒன்று, நிரல்களின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஜிடிகே தீமுக்கு ஒன்று. ஒரு நாள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் புரொஜெக்டரைச் செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க டெர்மினலில், திரைகளை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளையின் ஆப்ஷன்களை நினைவிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக நான் துண்டு துண்டாகக் கட்டிக்கொண்டிருந்தது ஒரு அரைகுறை எக்ஸ்எஃப்சிஇ-யைத்தான் என்பது அன்று இரவு உறைத்தது. அதைவிட நன்றாகக் கட்டப்பட்ட ஒன்று 1996-இலிருந்து இருக்கிறதே!

டைலிங் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரைக்கு டைல்ஸ் பதிப்பது போல, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விடாமல் விண்டோக்கள் திரையை நிரப்பிக்கொள்ளும். இதை ஏதோ நவீன ஹேக்கர் விஷயமாகப் பேசுகிறார்கள். 1985-இல் வந்த விண்டோஸ் 1.0 இப்படித்தான் வேலை செய்தது; விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வசதி 1987-இல், 2.0-இல்தான் வந்தது. பழையதுதான் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

எந்த டைலிங் மேனேஜர் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டிடபிள்யூஎம் 2000 வரிகளைத் தாண்டக் கூடாது என்று வைராக்கியத்தோடு எழுதப்பட்டது. அமைப்பை மாற்ற சி மூலநிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எக்ஸ்மோனாட் அருமையானது, எக்ஸ்எஃப்சிஇ-யோடு ஓடுவதற்கென்றே அதில் தனித் தொகுதி உண்டு, ஆனால் ஹாஸ்கெல் மொழி தெரிந்திருந்தால் நல்லது. பிஎஸ்பிடபிள்யூஎம் சாவிகளைக்கூடத் தான் கவனிக்காது, அதற்கு வேறொரு நிரலை வைத்துக்கொள்ளச் சொல்லும். ஐ3-யை மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009-இல் வெளியிட்டார். அதன் அமைப்பு சாதாரண உரைக் கோப்பு, ஆவணங்கள் தெளிவானவை. முதல் முறைக்கு ஐ3 போதும்.

இனி வேலை. ஐ3-யை நிறுவிக்கொள்ளுங்கள். அமைப்புகளை மாற்றத் தொடங்கும் முன் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் செய்து பாருங்கள். ஏதாவது சொதப்பினாலும் உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கும். இன்னொன்று: விண்டோ மேனேஜரே இல்லாத திரை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தலைப்புப் பட்டைகள் காணாமல் போகும், விண்டோவை நகர்த்த முடியாது, தட்டச்சு செய்தால் எழுத்து விழாது. பார்க்கக் கம்ப்யூட்டரே உறைந்துவிட்டது போல இருக்கும். பயப்பட வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும் (எஃப்2-இல் வரவில்லையென்றால் எஃப்3). உள்ளே போய், டிஸ்ப்ளே மாறியை :0 என்று கொடுத்து எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-ஐ இயக்கிவிட்டு, எஃப்7-க்கோ எஃப்1-க்கோ திரும்பி வந்தால் எல்லாம் பழையபடி இருக்கும். இந்த ஒன்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் மீதி எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை.

விண்டோ மேனேஜரை மாற்ற இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, அமைப்புகளில் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' போய், நடப்பு செஷன் பட்டியலில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-க்கு எதிரே 'ஒருபோதும் மீண்டும் தொடங்காதே' என்று வைத்து, செஷனைச் சேமித்துவிட்டு, தானாகத் தொடங்கும் பட்டியலில் ஐ3-யைச் சேர்ப்பது. வேலை செய்யும். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளவை பேனல் எல்லாம் வந்த பிறகுதான் தொடங்கும். அதுவரை விண்டோக்கள் அநாதையாக நிற்கும். ஒவ்வொரு லாகினிலும் ஒரு தள்ளாட்டம் தெரியும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. எக்ஸ்எஃப்சிஇ செஷன் யார் யாரை எழுப்ப வேண்டும் என்ற பட்டியலை எக்ஸ்எஃப்கான்ஃப் என்ற அமைப்புக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலுக்குப் பெயர் 'ஃபெயில்சேஃப்'. ஆபத்துக் காலத்துக்கானது போலப் பெயர், ஆனால் சேமித்த செஷன் இல்லாதபோது தினமும் ஓடுவது அதுதான். யார் இப்படிப் பெயர் வைத்தார்களோ! அதில் 'கிளையன்ட்0' எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4. அடுத்தடுத்து எக்ஸ்எஃப்செட்டிங்ஸ்டி, பேனல், துனார், கடைசியாக 'கிளையன்ட்4' எக்ஸ்எஃப்டெஸ்க்டாப். டெர்மினலில் எக்ஸ்எஃப்கான்ஃப்-கொயரி கட்டளையால் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் சேனலில் ஃபெயில்சேஃப் பகுதியின் கிளையன்ட்0 கட்டளையை ஐ3 என்று மாற்றினால் போதும். அந்த மதிப்பு வரிசை வகை என்பதால், வரிசையாக எழுது என்ற ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் பலரும் 'மாற்றினேன், எடுபடவில்லை' என்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பொறி சேமித்த செஷன். எப்போதோ ஒரு நாள் லாக் அவுட் பெட்டியில் 'செஷனைச் சேமி' என்ற டிக் விழுந்திருந்தால், அன்றைய நிலவரம் வீட்டு அடைவின் மறைவான கேஷ் அடைவுக்குள் 'செஷன்ஸ்' என்ற அடைவில் பதிவாகியிருக்கும். அது இருக்கும் வரை ஃபெயில்சேஃப் பட்டியலை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பழைய விண்டோ மேனேஜரே வந்து நிற்கும். அந்த அடைவைக் காலி செய்துவிட்டு, லாக் அவுட்டின்போது தானாகச் சேமிக்கும் ஆப்ஷனையும் எடுத்துவிடுங்கள். ஐ3-யோடு செஷன் சேமிப்பு எப்படியும் உருப்படியாக ஒத்துப்போகாது.

எக்ஸ்எஃப்டெஸ்க்டாப்பையும் விடைகொடுத்து அனுப்பிவிடுங்கள் என்பேன். டைலிங்கில் விண்டோக்கள் திரை முழுவதும் நிரப்பியிருக்கும்போது டெஸ்க்டாப் ஐகான்களைப் பார்க்கப்போவது யார்? அது பட்டியலில் கடைசியாக இருப்பதால், ஃபெயில்சேஃப் பகுதியில் 'கவுன்ட்' என்று இருக்கும் 5-ஐ 4 ஆக்கினால் அது எழுப்பப்படாது. மாற்றும் முன் உங்கள் கணினியிலும் அதுதான் கடைசியா என்று ஒரு முறை பாருங்கள். வால்பேப்பர் கட்டாயம் வேண்டுமென்றால் ஃபே என்ற சின்ன நிரல் போதும்.

இப்போது லாக் அவுட் செய்து உள்ளே வந்தால் ஐ3 முதல் கேள்வியாக ஒரு கன்ஃபிக் கோப்பு உருவாக்கட்டுமா என்றும், முதன்மைச் சாவியாக விண்டோஸ் சாவியா ஆல்ட்டா என்றும் கேட்கும். விண்டோஸ் சாவி என்று சொல்லுங்கள். ஆல்ட்டை உலாவியும் எடிட்டரும் ஏற்கெனவே ஆயிரம் விஷயத்துக்கு வைத்திருக்கின்றன. இனி அதைச் சூப்பர் சாவி என்றே சொல்கிறேன்.

அந்தக் கோப்பு உருவானதும் முதல் வேலை, அதிலிருந்து சில வரிகளை நீக்குவது. ஐ3-யின் இயல்பான கன்ஃபிக், தனியாக ஓடப்போகிறோம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. அதனால் தானாகத் தொடங்க வேண்டியவற்றை டெக்ஸ் என்ற நிரல் மூலம் தொடங்கும், எக்ஸ்எஸ்எஸ்-லாக்கும் ஐ3லாக்கும் கொண்டு திரையைப் பூட்டும், நெட்வொர்க் ஆப்லெட்டை எழுப்பும். எக்ஸ்எஃப்சிஇ இந்த மூன்றையும் ஏற்கெனவே செய்கிறது. இரண்டு பேரும் செய்தால் இரண்டு பூட்டு விழும், சிஸ்டம் ட்ரேயில் குழப்பம் வரும். வால்யூம் சாவிகளுக்கான வரிகளும் அப்படியே. பேனலில் உள்ள பல்ஸ்ஆடியோ செருகுநிரல் அவற்றைக் கவனித்துக்கொள்ளும். கடைசியில் 'பார்' என்று தொடங்கும் பகுதியையும் எடுத்துவிட்டால் ஐ3-யின் சொந்தப் பட்டை மறைந்து எக்ஸ்எஃப்சிஇ பேனல் மட்டும் நிற்கும்.

அப்புறம் சாவிகள். இந்தக் கலவையில் பலர் மூக்குடைபடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்எஃப்சிஇ-யில் குறுக்குவழிச் சாவிகள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. விண்டோ மேனேஜர் அமைப்பில் உள்ளவை எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-க்குச் சொந்தம். அது போனதும் அவையும் போய்விட்டன. கீபோர்டு அமைப்பில் 'அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ்' என்று உள்ளவை எக்ஸ்எஃப்செட்டிங்ஸ்டி-க்குச் சொந்தம். அவை உயிரோடு இருக்கின்றன. எக்ஸ் சர்வரில் ஒரு சாவிச் சேர்க்கையை ஒரு நிரல் பிடித்துக்கொண்டால் இன்னொன்றுக்கு அது கிடைக்காது. யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தான். லாகின் நேரத்தில் ஐ3-யும் எக்ஸ்எஃப்செட்டிங்ஸ்டி-யும் கிட்டத்தட்ட ஒன்றாக எழுவதால், சூப்பர் + எஃப் இன்றைக்கு விண்டோவை முழுத்திரை ஆக்கும், நாளைக்குக் கோப்பு மேலாளரைத் திறக்கும். 'சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்யவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

ஆகவே அந்த அப்ளிகேஷன் ஷார்ட்கட் பட்டியலைத் திறந்து, சூப்பர் சாவி உள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐ3-க்கு வேண்டியதோடு மோதுவதை நீக்குங்கள். சூப்பர் + பி மட்டும் இருக்கட்டும்: மானிட்டர், புரொஜெக்டர் தேர்வுப் பெட்டி அது, ஐ3-யின் இயல்பான அமைப்பில் அந்தச் சாவி எதற்கும் இல்லை. என் கூட்டத்துக் கதை நினைவிருக்கிறதல்லவா? சூப்பர் சாவியைத் தனியாக அழுத்தினால் மெனு திறக்கும்படி வைத்திருந்தால் அதைக் கட்டாயம் எடுங்கள். தனிச் சூப்பர் பிடிக்கப்பட்டிருந்தால் சூப்பரோடு சேரும் மற்ற சேர்க்கைகள் தடுமாறும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு மோதல் உண்டு. ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு நிரலை வைத்துத் தமிழ்99-இலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ எழுதினால், மொழி மாற்றும் இயல்பான சாவி சூப்பர் + ஸ்பேஸ். ஐ3-யில் அதே சூப்பர் + ஸ்பேஸ், டைலிங் விண்டோவுக்கும், அடுக்கில் சேராமல் மேலே நிற்கும் மிதக்கும் விண்டோவுக்கும் இடையே தாவுவதற்கு. முதல் நாள் நான் தமிழுக்கு மாற அழுத்த அழுத்த, கால்குலேட்டர் முன்னால் வந்து வந்து போனது. ஐ3-யின் கன்ஃபிக்கில் அந்த ஒரு வரியை வேறு சாவிக்கு மாற்றிவிட்டு, மொழி மாற்றத்தை அப்படியே விடுங்கள். ஒரு நாளைக்கு நூறு முறை மொழி மாற்றுகிறோம்; மிதக்கும் விண்டோவுக்குத் தாவுவது எப்போதோ. ஐபஸ் தானாகத் தொடங்குவது, அதன் ஐகான் ட்ரேயில் உட்காருவது எல்லாம் எக்ஸ்எஃப்சிஇ வழியாகவே நடக்கும் என்பதால் வேறு தொல்லை இல்லை.

வெளியேறும் சாவியும் மாற வேண்டும். ஐ3-யில் சூப்பர் + ஷிஃப்ட் + இ என்பது ஐ3-யை மட்டும் மூடும். தனியாக ஓடும்போது அதோடு செஷனே முடிந்துவிடும். நம் ஏற்பாட்டில் செஷனின் தலைவர் எக்ஸ்எஃப்சிஇ செஷன். ஐ3 மூடினால் வீடு அப்படியே இருக்க, நாற்காலி மட்டும் காலியாகும். அந்தச் சாவிக்கு எக்ஸ்எஃப்சிஇ4-செஷன்-லாக்அவுட் கட்டளையை வைத்துவிட்டால் பழக்கமான லாக் அவுட் பெட்டி வரும். அப்படியே சூப்பர் + டி-க்கு, நிரல்களைத் தேடித் திறக்கும் டிமெனுவுக்குப் பதில், அதே வேலை செய்யும் எக்ஸ்எஃப்சிஇ-யின் ஆப்ஃபைண்டரை வைத்துக்கொள்ளலாம். கன்ஃபிக்கை மாற்றிய ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்ய வேண்டாம். சூப்பர் + ஷிஃப்ட் + ஆர் அழுத்தினால் திறந்திருக்கும் விண்டோக்கள் கலையாமல் ஐ3 தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும்.

பேனல் மேலேயோ கீழேயோ கிடைமட்டமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் செங்குத்தாக வைத்துப் பழகியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஐ3-க்கு அந்த இரண்டு விளிம்பு மட்டும்தான் தெரியும். பேனலில் உள்ள வழக்கமான பணிமேடை (வொர்க்ஸ்பேஸ்) மாற்றி அரைகுறையாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஐ3-யில் பணிமேடைகள் தேவைப்படும்போது உருவாகி, காலியானதும் மறைந்துவிடும். ஐ3-க்கென்றே எழுதப்பட்ட ஒரு பணிமேடைச் செருகுநிரல் எக்ஸ்எஃப்சிஇ பேனலுக்கு உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மானிட்டர் இருந்தால் இன்னொரு வித்தியாசம் தெரியும்: எக்ஸ்எஃப்சிஇ-யில் பணிமேடை மாறினால் இரண்டு திரையும் சேர்ந்து மாறும், ஐ3-யில் ஒவ்வொரு திரையும் தனிப் பணிமேடை. இதற்காகவே ஐ3-க்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

சில விண்டோக்கள் டைலாக விரிந்தால் கோரமாக இருக்கும். கால்குலேட்டர் அரைத் திரைக்கு நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆப்ஃபைண்டர், அமைப்புப் பெட்டிகள், பேனல் செருகுநிரல்களின் விண்டோக்கள் இவற்றை மிதக்க வைக்கும்படி கன்ஃபிக்கில் ஆளுக்கொரு வரி எழுத வேண்டும். எந்த விண்டோவின் வகுப்புப் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ள, டெர்மினலில் எக்ஸ்பிராப் என்று தட்டிவிட்டு அந்த விண்டோவைச் சொடுக்கினால் சொல்லிவிடும். ஒரே நாளில் முழுப் பட்டியலும் எழுத முயலாதீர்கள்; கண்ணில் உறுத்தும்போது ஒன்று ஒன்றாகச் சேர்த்தால் போதும்.

எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 போனதில் யாரும் கவனிக்காத ஓர் இழப்பு கம்பாசிட்டர். நிழல், ஒளிபுகும் தன்மை, வீடியோ ஓடும்போது திரை நடுவில் கிழிந்தாற்போல் கோடு விழாமல் இருப்பது எல்லாம் அதற்குள்ளேயே இருந்த வேலை. ஐ3-யில் அது கிடையாது. வீடியோவில் கோடு தெரிந்தால் பிகாம் என்ற நிரலைத் தொடக்கப் பட்டியலில் சேர்த்து, திரை புதுப்பிக்கும் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் விசின்க்கை இயக்குங்கள். தெரியவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பழைய லேப்டாப்புக்கு ஒரு சுமை குறையும்.

இன்னும் சில பழக்கங்கள் மாறும். மினிமைஸ் என்பது ஐ3-யில் இல்லை. வேண்டாத விண்டோவை வேறு பணிமேடைக்கு அனுப்ப வேண்டும், அல்லது ஸ்க்ராட்ச்பேட் என்ற மறைவிடத்துக்கு. ஆல்ட் + டேப் இல்லை. விண்டோ மேனேஜர் அமைப்பு, பணிமேடை அமைப்பு என்ற பக்கங்கள் அமைப்புகளில் இன்னும் திறக்கும், ஆனால் அங்கே என்ன மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. திசைச் சாவிகளுக்கு மாற்றாக ஐ3 வைத்திருப்பது ஜே, கே, எல், அரைப்புள்ளி. விஐ எடிட்டரில் ஹெச், ஜே, கே, எல் பழகிய கைகளுக்கு இது எரிச்சல். மாற்றப் போனால் ஹெச் ஏற்கெனவே விண்டோவைப் பிரிக்கும் சாவியாக இருக்கும். அதையும் சேர்த்து நகர்த்த வேண்டும்.

உங்கள் லேப்டாப்பின் திரை அனேகமாக 1366 x 768 ஆக இருக்கும். அதை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 683 பிக்சல்தான் அகலம். பல வலைத்தளங்கள் இதைப் பார்த்து மொபைல் என்று நினைத்துக்கொள்ளும். மூன்றாகப் பிரிப்பதெல்லாம் படம் பிடித்துக் காட்டத்தான் உதவும். சின்னத் திரையில் ஐ3-யின் உண்மையான அருமை டேப் அமைப்பு. சூப்பர் + டபிள்யூ அழுத்தினால் அந்தப் பகுதியில் உள்ள விண்டோக்கள் எல்லாம் உலாவியின் டேப் போல மேலே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் முழு அகலத்தில் தெரியும். உலாவியும் பிடிஎஃப்-உம் எடிட்டரும் ஒரே பணிமேடையில் டேப்களாக, டெர்மினல் மட்டும் தனிப் பணிமேடையில் என்று நான் வைத்திருக்கிறேன். விண்டோக்களுக்கு நடுவே அலங்கார இடைவெளி விடும் வசதி 2023 தொடக்கத்தில் வந்த 4.22 பதிப்பிலிருந்து ஐ3-யிலேயே இருக்கிறது. 768 பிக்சல் உயரத்தில் அதற்கெல்லாம் இடமில்லை.

லேப்டாப் வேகமாகிவிடுமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். ஆகாது. எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-உம் எக்ஸ்எஃப்டெஸ்க்டாப்பும் எடுத்துக்கொண்டிருந்த நினைவகம் மிச்சமாகும், ஆனால் உலாவியில் பத்து டேப் திறந்தால் அந்த மிச்சம் எங்கே போனதென்று தெரியாது. கை மவுஸுக்குப் போய்த் திரும்பும் நேரம்தான் மிச்சம். அது போதுமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. நாள் முழுக்க எழுதுகிறீர்கள், நிரல் எழுதுகிறீர்கள் என்றால் போதும். படம் திருத்துகிறீர்கள் என்றால் இந்தச் சிரமம் வேண்டாம் என்பேன்.

இவ்வளவும் வேண்டாம், எப்போதாவது இரண்டு விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும் என்றால், எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-இலேயே விண்டோவை இடப் பாதி, வலப் பாதி, நான்கு மூலை என்று ஒட்டவைக்கும் சாவிகள் உண்டு. விண்டோ மேனேஜர் அமைப்பில் நீங்களே ஒதுக்கலாம். அதற்கு ஒரு படி மேலே, எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-ஐ வைத்துக்கொண்டே விண்டோக்களைத் தானாக அடுக்கும் கார்டைல் என்ற நிரலும் இருக்கிறது. ஐ3 அளவுக்கு உறுதியாக இருக்காது. ஆனால் மேலே சொன்ன அறுவை சிகிச்சை எதுவும் தேவையில்லை, நிறுத்தினால் எல்லாம் பழையபடி.

எக்ஸ்எஃப்சிஇ போன்ற இன்னொரு இலகுவான டெஸ்க்டாப்பான எல்எக்ஸ்க்யூடி-யில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் இன்னும் சுலபம். அதன் செஷன் அமைப்பில் விண்டோ மேனேஜரைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டியே இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ-யில் அப்படி ஒன்று ஏன் இல்லை என்று எனக்கு இன்றுவரை ஆதங்கம்.

எக்ஸ்11-க்கு மாற்றாக வரும் வேலேண்டுக்குப் போகும்போது கதை மாறும். அங்கே திரையை வரைவதும் விண்டோவை அடுக்குவதும் ஒரே நிரல் (அங்கே அதைத்தான் கம்பாசிட்டர் என்பார்கள்), ஆகவே நாற்காலியில் மட்டும் ஆளை மாற்ற முடியாது. வீட்டின் அஸ்திவாரத்தையே மாற்ற வேண்டும். 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20-இல் வேலேண்ட் பரிசோதனை நிலையில் இருக்கிறது, அதில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 வராது, லேப்டபிள்யூசி போன்ற வேறொன்றுதான் அந்த இடத்தில். அதே ஆண்டு நவம்பரில் வந்த எல்எக்ஸ்க்யூடி 2.1-ஐ, ஐ3-யின் வேலேண்ட் உடன்பிறப்பான ஸ்வே உட்பட ஏழு கம்பாசிட்டர்களோடு ஓடும்படி செய்திருக்கிறார்கள். நீங்கள் இப்போது எழுதும் ஐ3 கன்ஃபிக் பெரும்பாலும் அப்படியே ஸ்வேயிலும் ஓடும், உழைப்பு வீணாகாது. உங்கள் லேப்டாப்புக்கு இன்றைக்கு எக்ஸ்11 போதும்.

கடைசியாக அக்கா. மேலே சொன்ன மாற்றம் ஒவ்வொன்றும் உங்கள் வீட்டு அடைவுக்குள், உங்கள் பயனர் பெயரில் மட்டும் எழுதப்படுகிறது. ஐ3-யும் பிகாமும் கணினியில் நிறுவப்பட்டிருக்கும், அவ்வளவுதான்; அவர் தன் கணக்கில் லாகின் செய்தால் வழக்கமான எக்ஸ்எஃப்சிஇ வரும். ஒரே கணக்கைத்தான் இருவரும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஐ3-க்கு முன் அவருக்குத் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிடுங்கள்.